குசினிக்குள் வந்த அணில்

யாழ்ப்பாணத்து உடுப்பிட்டி வீடுகளில் பூனைக்கென்று தனி வாசல் வைக்க வேண்டியதில்லை. ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே காற்றுக்கு விட்ட இடைவெளி, கம்பி மட்டும் போட்ட குசினி யன்னல், விடிந்ததிலிருந்து கருகும்வரை திறந்து கிடக்கும் கோடிப்பக்கக் கதவு. வீட்டின் உள்ளும் வெளியும் அதற்கு ஒன்றுதான். அதனால் வளவில் பிடிபட்டது எதுவும் சில நொடியில் குசினித் தரைக்கு வந்துவிடுகிறது. அணில், ஓணான், அறணை, புலுனிக் குஞ்சு. மாரி தொடங்கினால் தவளை, சில வேளை பாம்புக்குட்டி. செத்ததைக் கொண்டுவந்தால் அள்ளி வெளியே போட்டுவிடலாம். உயிரோடு கொண்டுவந்து நடுவீட்டில் விட்டுவிட்டு, அது அரிசிப் பெட்டிக்குப் பின்னால் ஓடி ஒளிந்ததும், தனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாததுபோல இருந்து முன்காலை நக்குகிற பூனையை என்ன செய்வது? தும்புத்தடி தூக்குவது வழக்கம். அதனால் அணில் இன்னும் உள்ளே ஓடும், பூனை அடுத்த முறை கட்டிலுக்குக் கீழே கொண்டுபோகும்.

இந்தச் செயலுக்கு வீட்டில் மூன்று விளக்கங்கள் சொல்லப்படும். பசி என்பார் ஒருவர். வளர்த்தவருக்கு நன்றிக்கடனாகக் கொண்டுவருகிறது என்பார் இன்னொருவர். கொன்று தின்னாமல் உருட்டி உருட்டி விளையாடுவதைப் பார்த்தவர், அது குரூரமான பிராணி என்பார். பூனைக்கு விளையாட்டு எலிக்குச் சீவன் போகுது என்று ஒரு பழமொழியே நம்மிடம் இருக்கிறது. மூன்றும் பூனையின் செயலை ஒரே நோக்கத்தோடு தொடங்கி முடிகிற ஒரே செயலாக எண்ணுகின்றன. பிழை அங்கேதான். பூனையின் வேட்டை பல செயல்கள் கோத்த சரம். ஒவ்வொரு மணிக்கும் தனித்தனித் தூண்டுதல் உண்டு. சரம் எந்த இடத்திலும் அறுந்துபோகலாம். குசினியில் உயிரோடு நிற்கும் அணில், அப்படி இடையில் அறுந்த வேட்டை. இதை விளங்கிக்கொண்டால், நம் வீடுகளில் பூனையை வளர்க்கும் முறையில் எதை மாற்றவேண்டும் என்பதும் தெரியவரும். அது பெரும்பாலும் நாம் இப்போது செய்வதற்கு நேர்மாறானது.

பதுங்குதல், பாய்ந்து பிடித்தல், கொல்லுதல், தின்னுதல் ஆகிய நான்கையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டியவர் ஜெர்மானிய விலங்கு நடத்தையியலாளர் பால் லெய்ஹவுசன். ஒவ்வொன்றுக்கும் பூனையிடம் தனி நாட்டம் உண்டு, ஒன்று தீர்ந்தாலும் மற்றது தீராமல் இருக்கலாம் என்பது பல்லாண்டு அவதானத்தில் அவர் கண்டது. வயிறு நிறைந்த பூனைக்குத் தின்னும் நாட்டம் தீர்ந்திருக்கும். பதுங்கும் நாட்டம் அப்படியே இருக்கும். 1976இல் ராபர்ட் ஆடமெக் வெளியிட்ட பரிசோதனை இதை இன்னும் கூர்மையாகக் காட்டியது. தமக்குப் பிடித்த உணவைத் தின்றுகொண்டிருந்த பூனைகளின் முன் அவர் ஒரு எலியை விட்டார். பூனைகள் சாப்பாட்டை விட்டெழுந்து எலியைக் கொன்றன, கொன்றதைச் சாப்பாட்டுத் தட்டின் அருகே கொண்டுவந்து வைத்தன, பின்பு எலியைத் தொடாமல் பழைய சாப்பாட்டையே தொடர்ந்து தின்றன. பசித்தால் வேட்டையாடும், பசி தீர்ந்தால் நிறுத்தும் என்ற கணக்கு இங்கே உதவாது. இரை எப்போது ஓடும் என்று பூனையால் தீர்மானிக்க முடியாது. பசிக்கும்வரை பொறுத்திருந்து பிடிக்கப் புறப்படும் பிராணி அடிக்கடி பட்டினி கிடக்கும். சின்ன இரைகளைத் தனியே பிடித்து வாழும் பிராணிக்கு, வாய்ப்பு வந்தபோது பாய்வதுதான் பிழைக்கும் வழி.

அதற்காகப் பசிக்கு வேலையே இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. 1979இல் மாக்சீன் பிபன் வெளியிட்ட ஆய்வில், பசி கூடக்கூடப் பூனை இரையைக் கொல்லும் வாய்ப்புக் கூடியது. இரை பெரிதாகப் பெரிதாக அந்த வாய்ப்புக் குறைந்தது. பசி குறைவாகவோ இரை பெரிதாகவோ இருக்கும்போதுதான் விளையாட்டு அதிகம். அந்த விளையாட்டு என்ன என்பதற்கு 1988இல் செர்ஜியோ பெல்லிசும் உடன் ஆய்வாளர்களும் சொன்ன விடை பழமொழியைக் கொஞ்சம் திருத்தச் சொல்கிறது. இரையைக் கண்டு விலகுவதற்கும் அதைக் கொல்வதற்கும் இடையிலான ஊசலாட்டமே அது. பதற்றம் தணிக்கும் மருந்து கொடுத்தபோது, ஊசலாடிய பூனைகள் கொல்லும் பக்கம் நகர்ந்தன. எலிக்கும் அணிலுக்கும் பல் இருக்கிறது. பூனையால் ஒரு சாணுக்குக் கிட்ட உள்ள பொருளைத் தெளிவாகப் பார்க்க முடியாது; வாயருகில் இருப்பதை மீசையால்தான் அறிகிறது. பிடரியில் கோரைப்பல் சரியான இடத்தில் இறங்கவேண்டும், இல்லையென்றால் கடி வாங்கவேண்டி வரும். தட்டிப் பார்ப்பதும் விட்டுப் பிடிப்பதும் குரூரம் என்பதைவிடப் பயம் என்று சொல்வதே பொருத்தம். அணிலின் நிலைமை அதனால் எந்த விதத்திலும் மேம்படவில்லை என்பது உண்மைதான். ஆனால் பூனையை அடிப்பதற்கு நாம் சொல்லும் நியாயம் போய்விடுகிறது.

இனி, ஏன் வீட்டுக்குக் கொண்டுவருகிறது? தாய்ப்பூனை குட்டிகளுக்கு முதலில் செத்த இரையையும், அவை வளர வளர உயிருள்ள இரையையும் கொண்டுவந்து விடும். குட்டிகள் கொல்லப் பழகுவது அப்படித்தான். இதை வைத்துத்தான், நம்மையும் பூனை வேட்டை தெரியாத குட்டிகளாக எண்ணுகிறது என்ற கதை பரவியது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் குட்டி போடாத பூனையும், கடுவனும், நலம் வெட்டிய கடுவனும் இதையே செய்கின்றன. வீடு பயமில்லாத இடம், நாயும் வேறு கடுவனும் வந்து பறிக்காத இடம், சாப்பாடு கிடைக்கும் இடம் என்பதே எளிய விளக்கம். ஆடமெக்கின் பூனைகள் எலியைத் தட்டருகே கொண்டுவந்ததை மறக்கவேண்டாம். அதோடு, கொண்டுவருவது எல்லாவற்றையும் அல்ல. அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் ஏதென்ஸ் நகரத்து வீட்டுப் பூனைகள் 55இன் கழுத்தில் சிறு கமராக்களைக் கட்டிப் பார்த்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், பிடித்த இரைகளில் 23 வீதமே வீடு வந்தன. 28 வீதத்தைப் பூனைகள் தின்றன. 49 வீதத்தைப் பிடித்த இடத்திலேயே போட்டுவிட்டு வந்தன. அங்கும் அதிகம் அகப்பட்டவை ஓணான் போன்ற சிறு பல்லியினங்கள். ஆக, குசினிக்குள் ஒரு அணில் வந்தால் வேலியோரத்தில் இன்னும் சில கிடக்கின்றன என்றே எடுத்துக்கொள்ளலாம். யன்னலுக்கு வலை அடித்து இரை உள்ளே வராமல் தடுப்பது வீட்டுத் தரைக்கு நல்லது, அணில்களுக்கு அல்ல.

ஆகவே தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்கவேண்டும். வடமராட்சியில் வழக்கமான பூனைச் சாப்பாடு, மிஞ்சிய சோறு, அதன்மேல் கொஞ்சம் குழம்பு, கிடைத்தால் மீன்தலையும் முள்ளும். சைவ வீடுகளில் பால்சோறு. எலி பிடிக்கவேண்டிய பூனைக்கு வயிறு நிறையப் போடக்கூடாது என்ற எண்ணமும் பரவலாக உண்டு. உயிரியலின் பக்கம் நின்று பார்த்தால் இந்தச் சோற்றுச் சட்டி ஒரு வேடிக்கை. பூனை இனிப்பை உணராது. அதற்கான சுவையேற்பியை உருவாக்கும் மரபணு ஒன்று அதனிடம் பழுதாகிப் போயிருப்பதை 2005இல் பிலடெல்பியாவின் மொனெல் நிலைய ஆய்வாளர்கள் காட்டினார்கள். டோரின் என்ற சத்தை மனித உடல் தானே செய்துகொள்ளும். பூனையின் உடல் போதிய அளவு செய்யாது, இறைச்சியிலும் மீனிலும் இருந்தே அதைப் பெறவேண்டும். அது குறைந்தால் விழித்திரை சிதையும் என்பது 1975இலும், இதயத் தசை தளர்ந்து வீங்கும் என்பது 1987இலும் நிறுவப்பட்டன. காரட்டில் உள்ள மஞ்சள் நிறமியை வைத்து விற்றமின் ஏ செய்யவும் பூனைக்கு இயலாது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலின் சர்க்கரை செரிப்பதில்லை. கம்பர் தன்னை ஒப்பிட்டுக்கொண்ட, பாற்கடலை நக்கப் போன அந்தப் பூனைக்குக் கடலின் அளவு மட்டும் பிரச்சினையாக இருந்திருக்காது. குழம்பில் கிடக்கும் வெங்காயமும் உள்ளியும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. வெங்காயம் விளையும் மண்ணில் இதை யாரும் சொல்லிக் கொடுக்காதது விந்தைதான்.

தட்டுக்கும் வேட்டைக்கும் தொடர்பு உண்டா என்பதை எக்செற்றர் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் நேரடியாகவே சோதித்தார்கள். தென்மேற்கு இங்கிலாந்தில் 219 வீடுகளின் 355 பூனைகள், 12 வாரங்கள். முடிவு 2021இல் வெளியானது. தானியம் சேராத, இறைச்சிப் புரதம் மிகுந்த உணவுக்கு மாறிய பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 36 வீதம் குறைந்தது. நாளுக்கு 5 முதல் 10 நிமிடம் பொம்மை இரையோடு விளையாட்டுக் காட்டப்பட்ட பூனைகளில் 25 வீதம் குறைந்தது. கழுத்தில் வண்ணத்துணிச் சுருக்கு அணிந்தவை கொண்டுவந்த பறவைகள் 42 வீதம் குறைந்தன. மணி கட்டியதால் கணிசமான பயன் எதுவும் தெரியவில்லை. பூனைக்கு யார் மணி கட்டுவது என்று கூடிப் பேசிய எலிகள் நேரத்தை வீணாக்கியிருக்கின்றன. உணவை மெல்ல மெல்லத் தோண்டி எடுக்கவைக்கும் புதிர்த் தட்டு வைத்த வீடுகளில் இரை 33 வீதம் கூடியது. பயன்படுத்தத் தெரியாமல் பசியோடு போனதாலோ, கிடைக்காத எரிச்சலாலோ இருக்கலாம் என்று ஆய்வாளர்களே ஊகித்தார்கள். இதே வட்டாரத்தில் வேட்டைப் பூனைகளின் மீசை மயிரைப் பகுத்துப் பார்த்த இன்னொரு ஆய்வில், அவற்றின் உணவில் ஏறத்தாழ 96 வீதம் வீட்டில் வைத்ததே என்று தெரிந்தது. வயிற்றை நிரப்ப அவை வேட்டையாடவில்லை. தட்டில் நிரம்பக் கிடந்தும் அதில் இல்லாத ஏதோ ஒரு சத்துக்காகத்தான் சில பூனைகள் கூடுதலாக வெளியே போகின்றன என்ற கருத்துக்கு இது இடம் தருகிறது.

இங்கிலாந்துப் பூனைக்குச் சரி, உடுப்பிட்டிப் பூனைக்கு எப்படி என்பது நியாயமான கேள்வி. அந்த எண்களை அப்படியே இங்கே பெயர்த்து வைக்க முடியாது. இங்கே இரை வேறு, வெயில் வேறு, வளவு வேறு. அந்த ஆய்வு எண்ணியதும் வீடு வந்த இரையைத்தான். வெளியே போட்டுவிட்டு வந்ததை அல்ல. ஆனால் வேறுபாடு எந்தத் திசையில் போகும் என்று யோசித்துப் பார்க்கலாம். அங்கே பூனைகள் முன்பு தின்றதும் பூனைக்கென்றே செய்த, டோரின் சேர்த்த உணவுதான். அதிலிருந்து சற்று நல்ல உணவுக்கு மாறியே அந்த அளவு குறைந்தது என்றால், வெறும் சோற்றிலிருந்து மாறும் பூனையில் விளைவு அதைவிடச் சிறிதாக இருக்கும் என்று எண்ண எனக்குக் காரணம் தெரியவில்லை. செலவு அடுத்த தடை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இறக்குமதியாகும் பூனை உணவின் விலை பல குடும்பங்களுக்கு எட்டாது. ஆனால் வல்வெட்டித்துறைக் கரை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. சூடை போன்ற மலிந்த சிறுமீன் ஒரு பிடி, உப்பும் வெங்காயமும் இல்லாமல் அவித்து, அவித்த தண்ணீரோடு வைத்தால் போதும். டோரின் தண்ணீரில் கரைந்து இறங்குவதால் அதை ஊற்றிவிடக் கூடாது. பச்சையாகப் போடுவதும் நல்லதல்ல. இவ்வகை மீன்கள் சிலவற்றில் விற்றமின் பி1ஐச் சிதைக்கும் நொதி உண்டு, வேகவைத்தால் அழிந்துவிடும். மீன் மட்டுமே நாள்தோறும் என்றாலும் வேறு குறைகள் வரும். இடையிடையே முட்டையோ, கொஞ்சம் கோழி ஈரலோ சேரவேண்டும்.

சைவக் குடும்பத்துக்கு இது உண்மையாகவே சங்கடம். அதைக் கிண்டல் செய்து கடந்துபோவது முறையல்ல. வீட்டுச் சட்டியில் மீன் ஏறக்கூடாது என்பவர்களிடம் ஏற்று என்று சொல்ல அறிவியலுக்கு உரிமை இல்லை. ஆனால் பால்சோறு வைப்பதால் பூனை சைவமாகிவிடுவதில்லை. மாமல்லபுரத்துப் பாறையில் ஒற்றைக்காலில் தவம் செய்யும் பூனையைச் செதுக்கிய சிற்பிக்கு அது தெரிந்திருந்தது, அதன் காலடியில் எலிகளையும் செதுக்கியிருக்கிறான். கொலை வீட்டு வாசலுக்கு வெளியே நடக்கிறதா, கடலில் நடக்கிறதா என்பதே மிஞ்சும் கேள்வி. பையில் அடைத்து விற்கும் உலர் உணவை விறாந்தையில் தனித் தட்டில் வைப்பது குசினியின் தூய்மையையும் காக்கும், கோடியில் உள்ள புலுனிகளையும் ஓரளவு காக்கும். அதுவும் வேண்டாம் என்றால், பூனை வளர்ப்பதை மறுபரிசீலனை செய்வதே நேர்மை.

எலி பிடிப்பது யார் என்ற மறுப்பு இதைவிடக் கனமானது. நெல் மூட்டையும் விதை வெங்காயமும் உள்ள வீட்டில் எலி வெறும் தொல்லை அல்ல. 2024 டிசெம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தில் உயிர்களைப் பறித்த காய்ச்சல் எலிக்காய்ச்சல் என்று உறுதியானபோது, எலிப் பயம் இங்கே புதிதாகக் கிளம்பியது. ஆனால் பூனை எவ்வளவு எலி பிடிக்கிறது? நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியில் ஒரு கழிவு நிலையத்தில் மைக்கல் பார்சன்சும் உடன் ஆய்வாளர்களும் 79 நாள்கள் கமரா வைத்துப் பார்த்து 2018இல் எழுதினார்கள். பூனைகள் அந்த எலிக் கூட்டத்தில் கொன்றது இரண்டை மட்டுமே. எலிகள் பூனையைக் கண்டால் மறைவிடத்தில் கூடுதல் நேரம் இருந்தன. எலி குறைந்துவிட்டது என்று பார்ப்பவர் நினைப்பதற்கு அதுவே காரணம். அவை முந்நூறு கிராமுக்கு மேல் வளரும் சாக்கடை எலிகள். நம் ஓட்டில் ஓடும் வீட்டெலி அதைவிடச் சிறியது, பூனையிடம் கூடுதலாக அகப்படும் என்பதை ஒத்துக்கொள்ளவேண்டும். பெருச்சாளியை எதிர்க்க எந்தப் பூனையும் விரும்பாது. மூஞ்சூறைக் கொன்றாலும் நாற்றத்தால் தின்னாமல் விட்டுவிடும். எலிக்கு மருந்து வைத்த நாள்களில் பட்டப்பகலில் தள்ளாடும் எலியைப் பூனை தூக்கி வந்தால், அந்த எலியின் உடலில் இருக்கும் நஞ்சு பூனைக்குள்ளும் போகும். தானியத்தை மூடியிட்ட தகரப் பீப்பாவில் வைப்பதும் கூரையின் துளைகளை அடைப்பதும் செய்கிற வேலையைப் பட்டினி போட்ட பூனை செய்யாது.

வேட்டை அதன் இயற்கைதானே, நாம் ஏன் குறுக்கிடவேண்டும் என்பவர்களுக்கு ஒரு பதில் போதும். காட்டுப்பூனைக்கு இரை குறைந்தால் அதன் எண்ணிக்கையும் குறையும். வீட்டுப் பூனைக்குத் தட்டு எப்போதும் உண்டு. வளவில் ஓணானே இல்லாமல் போனாலும் பூனை அப்படியே இருந்து கடைசி ஓணானுக்காகக் காத்திருக்கும். ஒரு ஒழுங்கைக்குள் இருபது பூனைகளைத் தாங்கும் இயற்கை எங்கும் கிடையாது. அவற்றைத் தாங்குவது நம் சோறு.

ஆக, இறைச்சிச் சத்துள்ள உணவு, மாலையில் தென்னை ஈர்க்கின் நுனியில் துணிக்கிழிசல் கட்டி இழுக்கும் பத்து நிமிட விளையாட்டு, குஞ்சுகள் கூட்டைவிட்டு இறங்கும் காலத்தில் விடியலிலும் கருக்கலிலும் பூனையை உள்ளே வைத்திருத்தல். இவை வேட்டையைக் குறைக்கும், ஒழிக்காது. ஒழிக்காதபோது உயிருள்ள இரை மீண்டும் குசினிக்கு வரும். வந்தால் கத்தாமல் முதலில் பூனையை வேறு அறையில் அடைக்கவேண்டும், அணிலை அல்ல. பிறகு உட்கதவுகளைச் சாத்தி, வெளிக்கதவு ஒன்றை மட்டும் திறந்து, மற்ற யன்னல்களை மறைத்துவிட்டால் சிறு பிராணிகள் பெரும்பாலும் வெளிச்சத்தை நோக்கித் தாமே போகும். போகாததைத் தடித்த துவாயால் மூடி எடுக்கலாம். வெறுங்கையால் எதையும் தொடக்கூடாது. குறிப்பாக வௌவாலை. கன்னொறுவை வௌவால் லிசா வைரஸ் என்று பெயரிடப்பட்ட, விசர்நாய்க்கடி வைரசின் உறவான ஒன்று இலங்கையின் பழந்தின்னி வௌவால்களில் கண்டறியப்பட்டு 2016இல் அறிவிக்கப்பட்டிருக்கிறது. பூனையோ அது கொண்டுவந்ததோ கடித்தாலும் கீறினாலும், சவர்க்காரமும் ஓடும் தண்ணீருமாகக் கால் மணிநேரம் கழுவிவிட்டு, மந்திகையிலுள்ள பருத்தித்துறை ஆதார வைத்தியசாலைக்குப் போவதுதான் அடுத்த வேலை.

பாம்புக்கு இந்த விதிகள் எதுவும் பொருந்தாது. மாரியில் வெள்ளம் புற்றுக்குள் இறங்கும்போது பாம்புகள் மேட்டுக்கு வரும், பூனை அவற்றைத் தேடிப் போகவேண்டியதில்லை. பட்டை பட்டையாக இருப்பதால் நஞ்சில்லாத ஓநாய்ப் பாம்பும், எண்ணெய் விரியன் என்றும் கட்டுவிரியன் என்றும் சொல்லும் கொடிய பாம்பும் குசினி விளக்கில் ஒன்றுபோலவே தெரியும். எண்ணெய் விரியனின் கடி பெரிதாக வலிக்காது. தரையில் பாய் போட்டுப் படுத்தவர் கடிபட்டதை அறியாமலே தூங்கிப்போவதுண்டு. ஆகவே இரவில் பூனை ஏதோ நீளமானதை இழுத்துவந்து பெட்டிக்குப் பின்னால் தொலைத்துவிட்டது என்றால், இது இன்ன பாம்பு என்று ஆராயாமல், அன்று எல்லோரும் கட்டிலுக்கு ஏறி, நுளம்பு வலையைப் பாய்க்குக் கீழே செருகிப் படுப்பதும், விடிந்தபின் பாம்பு பிடிக்கத் தெரிந்தவரை அழைப்பதும் நல்லது.

மீட்ட அணிலை எங்கே விடுவது என்பது சின்னக் கேள்வி மாதிரித் தெரியும். பூனையின் பல் பட்ட சிறு பிராணி, காயம் வெளியே தெரியாவிட்டாலும், பூனை வாயில் வாழும் பக்டீரியாவால் ஓரிரு நாளில் சாகலாம். துளையிட்ட அட்டைப்பெட்டியில் இருட்டும் அமைதியுமாகச் சில மணிநேரம் வைத்துப் பார்த்து, துடிப்பாக ஏறிப் பிடிக்கத் தொடங்கினால் விட்டுவிடலாம். கிளுவையும் பூவரசும் அடர்ந்த கதியால் வேலி இருந்த வளவில் அதை வேலியின் நடுக்கிளையில் வைத்தால் போதும், ஒரு பூனையும் உள்ளே நுழையாது. இப்போது வேலிக்குப் பதில் மதில் கட்டிய வளவுகள் பெருகிவிட்டன. ஓணானுக்கும் அணிலுக்கும் அதில் ஒளிய ஒரு இலையும் இல்லை, பூனைக்கோ அது வளவின் நான்கு பக்கமும் பார்த்தபடி நடக்க நல்ல தெரு. அப்படிப்பட்ட வளவில் பெட்டியைப் பனையடியில் திறக்குமுன், மதிலின் மேல் யார் இருக்கிறார் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளவேண்டும்.